டர்போ காரும் வாப்பாவின் எஞ்சினும்: பராமரிப்புச் செலவின் ஒரு சின்ன வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும் நேரம் வாசியுங்கள்.

போன வெள்ளி ஜும்ஆ முடிந்து வரும்போது என்னிடம் படித்த ஒரு தம்பி ஸலாம் சொல்லி நிறுத்தினான். கட்டாரில் ஏழு வருடம் நின்று போன மாதம்தான் வந்திருக்கிறான். போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினான். கொழும்பில் விற்பனைக்கு இருக்கும் ஜேர்மன் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு கதவு, டர்போ எஞ்சின், பத்து வருடத்துக்கு மேல் பழசு.

"சேர், இதே கார் இப்ப புதுசா இறக்கினா வரியோட எங்கயோ போகும். இது அதுல ஒரு சின்னப் பங்குதான். எடுக்கலாமா?"

அவன் கையில் இருப்பது மேல்மாடி கட்டுவதற்காகச் சேர்த்த காசு. பற்றாததற்கு உம்மாவின் தென்னங்காணியில் பாதியை விற்கலாம் என்று யோசிக்கிறான். நான் வாகனம் தெரிந்தவன் இல்லை, வரலாறு படிப்பிக்கிறவன். "ரெண்டு நாள் டைம் தா, சொல்றேன்" என்றேன். இரண்டு நாள் தேடி, வாசித்து, ஊரில் இரண்டு பாஸ்மாரிடமும் கேட்டு எழுதிக்கொண்டு போனதில் பதில் இவ்வளவு நீளமாகிவிட்டது. இன்னும் பலருக்குப் பயன்படும் என்பதால் இங்கே போடுகிறேன்.

டர்போ என்றால் என்ன?

சின்ன வயதில் பின்பக்கம் "டர்போ" என்று எழுதிய லேலண்ட் பஸ் புத்தளத்திலிருந்து வந்தால் அதில்தான் ஏறுவோம் என்று அடம்பிடிப்போம். வேகமாகப் போகும் என்பது மட்டும்தான் அப்போது தெரியும்.

நம் ஊருக்கு இதை விளங்கப்படுத்துவது லேசு. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் கரியை எரித்து, தண்ணீரை நீராவியாக்கி, அந்த நீராவியின் வேகத்தால் ஒரு பெரிய சக்கரத்தைச் சுற்றுகிறார்கள். அதுதான் டர்பைன். காரில் நீராவிக்குப் பதில் எஞ்சின் வெளியே தள்ளும் புகை. வீணாகப் போகும் அந்தச் சூடான புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். காற்று கூடினால் எரிபொருளும் கூட எரியும், வலுவும் கூடும். சின்ன எஞ்சின் பெரிய எஞ்சினின் வேலையைச் செய்யும்.

நுரைச்சோலை டர்பைன் நிமிடத்துக்கு 3,000 தடவை சுற்றுகிறது. காரின் டர்போ நிமிடத்துக்கு ஒரு இலட்சத்தைத் தாண்டும். சின்ன டர்போக்கள் இரண்டு இலட்சம் வரை போகும். பெற்றோல் எஞ்சினில் அதன் ஒரு பக்கத்தை அடிக்கும் புகையின் சூடு 900 பாகை செல்சியஸைத் தாண்டும். தண்டைத் தாங்கி நிற்பது தலைமுடியை விட மெல்லிய ஒரு ஒயில் படலம். இரும்பில் இரும்பு படாமல் ஒயிலில் மிதந்துகொண்டே அது சுற்றுகிறது.

அந்த ஒயில் படலத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனிச் சொல்லப்போகும் கதை முழுவதும் அதைச் சுற்றித்தான்.

கப்பலில் பிறந்தது

இதைக் கண்டுபிடித்தவர் அல்பிரட் பூஹி என்ற சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர். 1905இல் காப்புரிமை பெற்றார். முதலில் பெரிய அளவில் பயன்பட்டது காரில் அல்ல, கப்பலில். 1920களின் நடுப்பகுதியில் இரண்டு ஜேர்மன் பயணிகள் கப்பல்களின் டீசல் எஞ்சின்களுக்கு டர்போ பூட்டினார்கள். 1,750 குதிரைவலு 2,500 ஆனது.

அதற்கு முன்பே, 1918இல், அமெரிக்காவில் சான்போர்ட் மோஸ் என்பவர் ஒரு விமான எஞ்சினை 14,000 அடி உயரமான பைக்ஸ் பீக் மலையின் உச்சிக்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்தார். உயரத்தில் காற்று மெலிந்து எஞ்சின் களைத்துப்போகும். அந்தக் குறையை டர்போ ஈடுசெய்தது.

கப்பலிலும் விமானத்திலும் டர்போ பிரச்சினை இல்லாமல் வளர்ந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. இரண்டிலும் எஞ்சினைப் பார்க்கவென்றே சம்பளத்துக்கு ஆள் இருக்கிறான். கப்பலில் எஞ்சின் அறைக்காரன் இரவும் பகலும் ஒயில் சூட்டையும் அமுக்கத்தையும் பார்த்துக்கொண்டே இருப்பான். விமானம் இறங்கினால் உடனே மெக்கானிக் வருவான். பராமரிப்பு அங்கே தனிச் செலவாகத் தெரியவே இல்லை, தொழிலின் ஒரு பகுதியாகவே இருந்தது.

டர்போ சாதாரண மனிதனின் காருக்கு வந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது.

1962: தண்ணீர் ஊற்ற மறந்த கார்

1962இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் இரண்டு டர்போ கார்களை விற்பனைக்கு விட்டது. ஒன்று செவர்லே கோர்வேர் மொன்சா ஸ்பைடர். மற்றது ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர்.

ஜெட்ஃபயர் பெரும் கனவோடு வந்த கார். 3.5 லீற்றர் எஞ்சினில் 215 குதிரைவலு. ஆனால் எஞ்சினுக்குள் ஏற்கனவே அமுக்கம் அதிகம், அதற்கு மேல் டர்போவும் அமுக்கினால் பெற்றோல் நேரத்துக்கு முன்பே வெடித்து எஞ்சின் தட்டத் தொடங்கும். நம் பாஸ்மார் "நொக்கிங்" என்பது இதைத்தான். அதைத் தடுக்க வடித்த தண்ணீரும் மெதனோலும் கலந்த ஒரு திரவத்தை எஞ்சினுக்குள் தெளிக்க ஏற்பாடு செய்தார்கள். "டர்போ ரொக்கட் திரவம்" என்று பெயரும் வைத்தார்கள். காருக்குள் அதற்கென்று தனித் தாங்கி. பெற்றோல் அடிப்பது போல அதையும் அவ்வப்போது நிரப்ப வேண்டும்.

சொந்தக்காரர்கள் நிரப்பவில்லை.

சிலருக்கு அப்படியொன்று இருப்பதே சரியாக விளங்கவில்லை. சிலர் மறந்தார்கள். சிலர் "கார் ஓடுதுதானே" என்று விட்டுவிட்டார்கள். திரவம் முடிந்தால் எஞ்சினைக் காப்பாற்றுவதற்காகக் கார் தன் வலுவைத் தானே குறைத்துக்கொள்ளும். பிறகு "இவ்வளவு காசு கொடுத்து வாங்கினேன், இழுக்கவே இல்லை" என்று முறைப்பாடு. இரண்டு வருடத்தோடு உற்பத்தி நின்றது. மொத்தம் பத்தாயிரம் கூட விற்கவில்லை. 1965இல் கம்பனியே சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு, விரும்பினால் டர்போவைக் கழற்றிச் சாதாரண காபரேற்றர் பூட்டித் தருகிறோம் என்றது. நிறையப் பேர் கழற்றிக்கொண்டார்கள். அதனால்தான் டர்போவோடு மிஞ்சிய ஜெட்ஃபயர் இன்று அரும்பொருள்.

கூடப் பிறந்த கோர்வேர் ஏன் தப்பியது? அதன் எஞ்சின் அமுக்கத்தைக் குறைத்தே செய்திருந்தார்கள். வலு 150 குதிரைதான். ஆனால் தனித் திரவம் எதையும் அது கேட்கவில்லை. 1966 வரை டர்போவோடு விற்றது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்றேன். ஜெட்ஃபயரைக் கவிழ்த்தது எஞ்சின் குறை மட்டும் இல்லை. வாங்கும்போது கையெழுத்துப் போட்டவனுக்கு, பிறகு ஒவ்வொரு மாதமும் தான் என்ன செய்ய வேண்டும் என்பது மனதில் ஏறவில்லை. திரவத்தின் விலை பெரிதல்ல. ஆனால் அது நிற்காமல் தொடர்ந்து வரும் செலவு.

ஸ்போர்ட்ஸ் காரும் "தேநீர்க் கேத்தலும்"

ஐரோப்பாவில் 1973இல் பிஎம்டபிள்யூ 2002 டர்போ வந்தது. முன்னால் போகிறவன் தன் கண்ணாடியில் வாசித்து விலகட்டும் என்று முன்பக்கத்தில் "டர்போ" என்பதைத் தலைகீழ் எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த வருடம் ஒக்டோபரில் எண்ணெய் நெருக்கடி. பெற்றோலுக்கு வரிசை நிற்கும் மக்களுக்கு முன்னால் அந்த எழுத்து அகங்காரமாகத் தெரிந்தது. இரண்டாயிரம் கூடச் செய்யாமல் நிறுத்திவிட்டார்கள்.

1974இல் பரிஸ் கண்காட்சியில் போர்ஷே 911 டர்போ வந்தது. மூன்று லீற்றர், 260 குதிரைவலு. சொகுசு, வேகம், டர்போ மூன்றையும் ஒன்றாக்கி வெற்றி கண்ட கார் இதுதான். இன்று நம் பையன்கள் சுவரில் ஒட்டும் படங்களுக்கெல்லாம் மூத்தது. ஆனால் அங்கேயும் ஒரு பாடம் உண்டு. 1978இல் வலுவை 300 ஆக்கியபோது போர்ஷே தன் 917 ஓட்டப்பந்தயக் காரின் வழிவந்த பிரேக்கைப் பூட்ட வேண்டி வந்தது. வலு கூடினால் பிரேக் பெரிதாக வேண்டும், டயர் அகலமாக வேண்டும், குளிர்விக்கும் பாகம் கூட வேண்டும். ஒவ்வொன்றும் பிறகு தேயும், மாற்ற வேண்டி வரும்.

பந்தயத் திடலில் 1977இல் ரெனோ முதல் டர்போ போர்முலா வன் காரை இறக்கியது. மஞ்சள் நிறம். அடிக்கடி புகை கக்கி நின்றதால் "மஞ்சள் தேநீர்க் கேத்தல்" என்று கேலி செய்தார்கள். இரண்டு வருடத்தில், 1979இல், பிரான்ஸ் நாட்டுப் பந்தயத்தில் அதுதான் முதலிடம் வந்தது. 1986 அளவில் வெறும் 1.5 லீற்றர் எஞ்சினிலிருந்து ஆயிரம் குதிரைவலுவுக்கு மேல் எடுத்தார்கள். ஆனால் தகுதிச் சுற்றுக்குப் பூட்டிய எஞ்சின் அந்தச் சில சுற்றுகளோடு முடிந்தது. அடுத்த நாள் பந்தயத்துக்கு வேறு எஞ்சின். 1989இல் அங்கே டர்போவையே தடை செய்தார்கள்.

டர்போ எவ்வளவும் தரும். தந்ததற்கு வேறொரு இடத்தில் கணக்கு எழுதிக்கொள்ளும்.

கணக்கு எங்கே எழுதப்படுகிறது?

முதல் இடம் ஒயில். பழைய டர்போக் கார்களில் இப்படி நடந்தது. வேகமாக ஓடிவந்து வீட்டு வாசலில் டக்கென்று எஞ்சினை நிறுத்துவார்கள். எஞ்சின் நின்றால் ஒயில் ஓட்டமும் நிற்கும். சிவக்கச் சூடான டர்போவுக்குள் தேங்கிய ஒயில் கருகிக் கரியாகும். அடுத்த தடவை அந்தக் கரி ஒயில் வழியை அடைக்கும், படலம் கிழியும், தண்டு உராயும். அதனால்தான் ஓடி வந்ததும் ஓரிரு நிமிடம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு நிறுத்தச் சொன்னார்கள். ஜப்பானியர் அதற்கென்று "டர்போ டைமர்" செய்தார்கள். 1980களிலிருந்து டர்போவைத் தண்ணீராலும் குளிர்விக்கத் தொடங்கிய பிறகு பிரச்சினை குறைந்தது. ஆனால் பழசான, தரமில்லாத ஒயில் இன்றும் டர்போவைக் கொல்லும்.

தம்பி காட்டியது போன்ற காருக்கு வருடாவருடம் என்ன வேண்டும் என்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்று, ஒயிலும் பில்டரும். நம் வெகன் ஆருக்கு மூன்று லீற்றர் அளவில் போதும். பெரிய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு எட்டு லீற்றர் அளவில் போகும், அதுவும் முழுச் செயற்கை ஒயில். கார் ஓடாமல் நின்றாலும் வருடத்துக்கு ஒரு தடவையாவது மாற்ற வேண்டும். நம் வெயிலுக்கு அதற்கு முன்பே மாற்றுவது நல்லது.

இரண்டு, பிளக். டர்போ எஞ்சினுக்குள் சூடு அதிகம், அதனால் சீக்கிரம் தேயும். சில மொடல்களில் பிளக்கை எட்டுவதற்கே பின் பம்பரையும் காற்றுக் குளிர்விப்பானையும் கழற்ற வேண்டும். பிளக்கின் விலையை விடக் கழற்றிப் பூட்டும் கூலி கூட.

மூன்று, பிரேக். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்கிறார்கள். பெரிய தட்டுகள், பெரிய பேட்கள், விலையும் பெரிசு.

நான்கு, டயர். வெகன் ஆரின் டயர் அகலம் 155 மில்லிமீற்றர். பெரிய ஸ்போர்ட்ஸ் காரின் பின் டயர் 300ஐத் தாண்டும். பிடிப்புக்காக மென்மையான ரப்பர், ஆகவே சீக்கிரம் தேயும்.

ஐந்து, கியர் பெட்டி ஒயில், குளிர்விக்கும் திரவம், பெல்ட், ரப்பர்க் குழாய்கள். ரப்பருக்குக் கிலோமீற்றர் தெரியாது, வயதுதான் தெரியும். கராஜில் நின்றாலும் வெடிக்கும்.

ஆறு, பெற்றோல். 92 அல்ல, 95. அது நம் பக்கத்து எல்லாப் பெற்றோல் செட்டிலும் எப்போதும் இருக்காது.

இதற்கு மேல் நம் ஊர்க் கணக்கு ஒன்று தனி. மணல் காற்று பில்டரை அடைக்கும். உப்புக் காற்று முன்னால் இருக்கும் அலுமினியக் குளிர்விப்பான்களைத் தின்னும். பாலாவியிலிருந்து கல்பிட்டி வரை பாதை எப்படி இருந்தாலும், உள் ஒழுங்கைக்கு இறங்கினால் அந்தக் காரின் வயிறு நிலத்தில் உரசும்.

இதில் எல்லாவற்றையும் விடப் பெரிய விசயம் இதுதான். கார் பழசாகப் பழசாக அதன் விலை இறங்கும். உதிரிப்பாகத்தின் விலை இறங்காது. பத்து வருடத்துக்கு முன் ஒரு பணக்காரருக்காகச் செய்த கார் அது. அவருக்குக் கொடுத்த அதே விலைதான் இன்று உனக்கும். அவர் விற்றதே பெரிய வேலைகள் வரும் வயதை அது நெருங்கியதால் இருக்கலாம். நீ காரை மலிவாக வாங்கலாம், அதன் சேர்விஸை மலிவாக வாங்க முடியாது.

நம் நாட்டில் கார் பிழைத்த கதை

"சேர், நம்ம பாஸ்மார் எதையும் ஓட்டிக் காட்டுவாங்க" என்று தம்பி சொன்னான். அது உண்மை. அந்தத் திறமை வந்த விதமும் ஒரு வரலாறு.

1960களில் அன்னியச் செலாவணி தட்டுப்பட்டபோது இலங்கையில் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும் வரை புதுக் கார் என்பது பெரும் அபூர்வம். அந்தக் காலத்தில்தான் உபாலி விஜேவர்தன ஃபியட், மஸ்டா கார்களை உள்நாட்டில் பொருத்தி விற்றார். மற்றவர்கள் இருக்கும் ஒஸ்டினையும் மொரிஸையும் சாகவிடாமல் காப்பாற்றினார்கள். கிடைக்காத பாகத்தை லேத்தில் கடைந்தார்கள், ஒரு காரின் உறுப்பை இன்னொன்றுக்குப் பூட்டினார்கள். யாழ்ப்பாணத்தார் அதற்கும் மேலே போனார்கள். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிடைக்காதபோது சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, மிச்சத்தை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்தப் பழைய எஞ்சின்கள் அதையும் பொறுத்துக்கொண்டன.

இது ஏழை நாட்டின் பெருமையான திறமை. ஆனால் இது உடைந்த பிறகு சரிக்கட்டும் திறமை. அமுக்கம் குறைந்த, கணினி இல்லாத, கையால் பிடித்துப் பார்க்கக்கூடிய எஞ்சினுக்குப் பொருந்தும். டர்போ ஸ்போர்ட்ஸ் கார் கேட்பது வேறு. உடையுமுன் செலவழிக்கச் சொல்கிறது. ஒயில் படலம் ஒரு தடவை கிழிந்தால் லேத்தில் கடைய ஒன்றும் மிஞ்சாது. எஞ்சின் முழுக்க சென்சர். பிழையைப் பார்க்கவே அதற்கென்ற ஸ்கேனர் வேண்டும். நம்மிடமிருந்து அதற்காகக் கொழும்புக்குப் போக வேண்டும், கார் ஓடாவிட்டால் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

அண்மைக்காலத்தையும் பாருங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரி 1ஆம் திகதி. நடுவில் 2022. மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாவுக்குச் சற்றுக் கூட. மே மாதத்தில் 360 அளவில். ஆயிரம் டொலர் பெறுமதியான ஒரு பாகம் இரண்டு இலட்சத்திலிருந்து மூன்று இலட்சத்து அறுபதாயிரம் ஆனது. கார் மாறவில்லை, ஓடிய தூரம் மாறவில்லை, சம்பளமும் மாறவில்லை. வெளிநாட்டுப் பாகத்தை நம்பி வாழும் எந்த இயந்திரமும் டொலரில் வட்டி கட்டும் கடன் போன்றது. அந்த வருடம் ஜூலையில் கியூஆர் வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். ஸ்போர்ட்ஸ் காருக்கும் அதே 20தான்.

நம் கடலும் அதில் மாட்டியது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே நாளில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின்களோடு எத்தனை போட் கரையில் கிடந்தன என்பதை நம் ஊருக்கு நான் சொல்லத் தேவையில்லை. எஞ்சின் இருந்தது, போட் இருந்தது, கடலில் மீனும் இருந்தது. ஓட்டும் செலவுதான் இல்லை.

வாப்பாவின் எஞ்சின்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் மேலே சொன்னதெல்லாம் வெறும் புத்தக அறிவு.

என் வாப்பாவிடம் ஒரு போட்டும் ஒரு எஞ்சினும் இருந்தன. கடலிலிருந்து வந்ததும் மீனை இறக்குவார், வலையை எடுப்பார். பிறகு எவ்வளவு களைப்பாக இருந்தாலும் எஞ்சினைக் கழற்றித் தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வருவார். முற்றத்தில் ஒரு பழைய தகர பரல். அதில் கிணற்று நல்ல தண்ணீரை நிரப்பி, எஞ்சினின் அடிப்பகுதியை இறக்கி, ஐந்து பத்து நிமிடம் ஓடவிடுவார். கடல் தண்ணீரால் தன்னைக் குளிர்விக்கும் எஞ்சின் அது. கழுவாவிட்டால் உள்ளே உப்புக் கட்டும். இதெல்லாம் யாரும் அவருக்கு எழுதிக் கொடுத்ததில்லை.

நான் சாதாரண தரம் படிக்கும் வருடம் வாப்பா மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் இருந்தார். சாச்சாவின் மகன் போட்டைக் கொண்டு போனார். எஞ்சினைக் கழுவும் வேலை எனக்கு. முதல் நாலு நாள் கழுவினேன். பிறகு பின்னேரம் கிரிக்கெட். இருட்டியதும் "நாளைக்குக் கழுவலாம்". கழுவாமலும் எஞ்சின் ஓடியது. அதுதான் என்னை ஏமாற்றியது. இரண்டு கிழமை ஓடியது. மீன் நன்றாகப் படும் நேரத்தில் ஒரு நாள் நடுக்கடலில் சூடேறிப் பிடித்துவிட்டது. இன்னொரு போட் கட்டி இழுத்து வந்தது.

பாஸ் திறந்து காட்டினார். தண்ணீர் போகும் வழி முழுக்க வெள்ளையாக உப்பு. பிஸ்டனும் போய்விட்டது. உம்மாவின் காப்பு அடகுக்குப் போனது. அந்தக் காப்பு திரும்பி வரவில்லை.

வாப்பா அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. கிணற்றடியில் உட்கார்ந்துகொண்டு ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

"தண்ணிக்கு யாராச்சும் சல்லி கேட்டாங்களா மகன்?"

கல்வியியற் கல்லூரியில் மூன்று வருடம் படித்தேன். அந்தக் கேள்வியில் இருந்த பாடத்தை அங்கேயும் யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித் தரவில்லை. அமெரிக்காவில் 1962இல் ஜெட்ஃபயர் வைத்திருந்தவன் செய்ததும் நான் செய்ததும் ஒன்றுதான். ஒரு தண்ணீர்த் தாங்கியை அவனும் நிரப்பவில்லை, நானும் நிரப்பவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், உடையுமுன் பார்க்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. கடல் தொழில் அதை நம் வாப்பாமாருக்குப் படிப்பித்திருக்கிறது. மோட்டார் சைக்கிள், வேன், கார் என்று வந்தபோதுதான் நாம் அதைக் கரையில் விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

தம்பிக்கு என் பதில்

"எடுக்கலாமா" என்று கேட்டாய். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேள். "இதை ஐந்து வருடம் வைத்திருக்க என்னால் முடியுமா?"

மேலே எழுதிய ஆறையும் எடுத்துக்கொண்டு அந்தக் காரைப் பார்க்கும் கராஜ் ஒன்றுக்குப் போ. ஒவ்வொன்றுக்கும் இன்றைய விலையை எழுதி வாங்கு. கூலியையும் தனியாகக் கேள். இந்தக் காருக்கு இதுவரை எப்போது எப்போது சேர்விஸ் செய்தார்கள் என்ற பதிவைக் கேள். பதிவு இல்லையென்றால், ஒன்றும் செய்யவில்லை என்றே எடுத்துக்கொள். எல்லாவற்றையும் ஐந்து வருடத்துக்குக் கணக்கிட்டு, பிறகு எதிர்பாராத ஒரு பெரிய வேலையைச் சேர், டர்போ மாற்றுவது என்றே வை. மொத்தத்தை அறுபது மாதத்துக்குப் பிரி. அந்த மாதக் காசை உன் சம்பளத்தில் வைத்துப் பார். கட்டாருக்குத் திரும்பிப் போகாவிட்டால் இங்கே கிடைக்கும் சம்பளத்திலும் வைத்துப் பார்.

பொருந்தினால் எடு. ஹலாலான உழைப்பு உன்னுடையது, அழகான பொருளை ஆசைப்படுவது குற்றமில்லை. பொருந்தாவிட்டால், நீ வாங்கப் போவது காரல்ல, ஒரு வருடம் ஓடிவிட்டு உம்மாவின் காணியை நினைவுபடுத்திக்கொண்டு தென்னைக்குக் கீழே தரப்பாள் மூடி நிற்கப்போகும் ஒரு பொருள்.

மற்றவர்களுக்கு

"எனக்கு ஸ்போர்ட்ஸ் காரா, எனக்கெதற்கு இந்தப் பதிவு" என்று நினைக்க வேண்டாம். டர்போ நம் வாசலுக்கே வந்துவிட்டது. உங்கள் டீசல் லொறியிலும் டபிள் கெப்பிலும் இருக்கிறது. இப்போது ஊருக்குள் ஓடும் ரைஸின் ஆயிரம் சிசி எஞ்சினிலும் இருக்கிறது. வெங்காயம் ஏற்றித் தம்புள்ளைக்குப் போய் வரும் லொறிக்கும் அதே ஒயில் படலம்தான்.

ஆகவே மூன்று விசயம் மட்டும். ஒயிலை நாள் தவறாமல் மாற்றுங்கள், மாற்றிய திகதியைக் கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள். மணல் காற்றில் ஓடுகிறோம், காற்று பில்டரை மாதம் ஒரு தடவை திறந்து பாருங்கள். பாரம் ஏற்றி ஓடி வந்து நிறுத்தும்போது ஒரு நிமிடம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு நிறுத்துங்கள். அந்த ஒரு நிமிடத்துக்கு யாரும் சல்லி கேட்பதில்லை.

தம்பிக்கு நேற்றிரவே இந்தப் பட்டியலை அனுப்பிவிட்டேன். இதை எழுதி முடிக்கும் வரை நீல டிக் விழவில்லை. கோபமோ தெரியாது. வந்தால் சொல்கிறேன்.

வாகன வேலை தெரிந்த பாஸ்மார், நான் எழுதியதில் பிழை இருந்தால் கீழே சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன். இன்றைய சேர்விஸ் விலைகள் தெரிந்தவர்களும் எழுதுங்கள், பலருக்கு உதவும்.

என் வாப்பாவுக்காகவும் ஒரு துஆ செய்துகொள்ளுங்கள். அந்தத் தகர பரல் இன்றும் எங்கள் முற்றத்தில் இருக்கிறது. அடி உக்கிப் போய்விட்டது, தண்ணீர் நிற்காது. எறிய மனம் வரவில்லை.